மாத்திரையை விட்டு எட்டு நாள்

என் மனைவிக்குச் சிறு வயதிலிருந்தே இளைப்பு. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது என்றால் ஊருக்கே கொண்டாட்டம். தென்காசியில் எங்கள் வீட்டில் மட்டும் சாக்கைக் கிழித்து ஜன்னல் இடுக்குகளை அடைத்துக்கொண்டிருப்போம். ஈரக்காற்று அவளுக்கு ஆகாது. அந்த மூன்று மாதமும் அவள் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. சுவரில் தலையணையைச் சாய்த்து வைத்து, உட்கார்ந்தபடியே கண்ணை மூடுவாள். டாக்டர் கொடுத்த மாத்திரை ஒன்று இருந்தது. ஒரு நாளைக்கு மூன்று. போட்டால் மூச்சு திறந்துகொள்ளும், ஆனால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், ஊசியில் நூல் கோக்க முடியாது. பிள்ளைகள் இல்லாத வீடு. நாங்கள் இரண்டு பேரும், நடுவில் அவளுடைய மூச்சுச் சத்தமுமாகப் பத்து வருஷம் ஓட்டியிருந்தோம்.

செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கமிருந்து பிரிந்து நம் மாகாணத்தோடு சேர்ந்து இரண்டொரு வருஷம் ஆகியிருந்தது. அப்போதுதான் அந்தத் தியான சபை தென்காசிக்கு வந்தது. அதன் பெயரை நான் எழுதப்போவதில்லை. குற்றாலத்தில் ஒரு பழைய பங்களாவை எடுத்துத் தலைமை இடமாக வைத்திருந்தார்கள். எல்லோரும் ‘பெரியவர்’ என்று சொன்ன ஒருவர் வருஷத்தில் சில மாதம் அங்கே வந்து தங்குவார். தென்காசிக்கு, ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி பொறுப்பு. கடை மாடியில் வியாழனும் ஞாயிறும் சாயங்காலம் ஆணும் பெண்ணுமாக முப்பது பேர் பாய் விரித்து உட்காருவார்கள். அந்த அண்ணாச்சியின் மனைவி வீட்டுக்கு வந்து என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனாள்.

எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. பணம் கேட்டார்களா என்றேன். கேட்கவில்லையாம். கேட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இன்னதுதான் வேண்டும் போலிருக்கிறது என்று விட்டிருப்பேன். ஒன்றுமே கேட்காமல் ஒருவன் எதற்குப் பாய் விரித்து, விளக்குப் போட்டு, சுக்குக் காப்பியும் கொடுப்பான்?

இந்தப் புத்திக்கு என் உத்தியோகமும் ஒரு காரணம். முன்சீப் கோர்ட்டில் நான் பெஞ்சு கிளார்க். கூண்டில் ஏறுகிற சாட்சிக்குச் சத்தியம் செய்துவைப்பது என் வேலை. காலையில் பத்து பேரைக் கடவுள் பேரில் சத்தியம் செய்யவைத்து, மாலைக்குள் அவர்களில் ஏழு பேர் அதைக் காற்றில் விடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு பழக்கம் வந்திருந்தது. உண்மை சொல்கிறவன் தடுமாறுவான். பாதியில் நிறுத்தி, “இல்ல எசமான், அது மறுநா” என்பான். சொல்லிக்கொடுத்த சாட்சி தடுமாறவே மாட்டான். நாலு பேர் வந்தால் நாலு பேரும் அதே வார்த்தையை அதே வரிசையில் சொல்வார்கள். வீட்டில் சாப்பிடும்போது இந்தக் கதைகளையெல்லாம் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பேன்.

ஆகவே சபை என்னதான் செய்கிறது என்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். படியோரம் முப்பது ஜோடிச் செருப்பும் நூல் பிடித்தது போல வரிசையாக இருந்தன. நம் ஊரில் எந்தக் கூட்டத்தில் செருப்பு இப்படி இருக்கும்? அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது.

அவர்கள் சொல்லிக்கொடுத்தது மிகச் சின்ன விஷயம். கண்ணை மூடி உட்கார வேண்டும். உள்ளே வருகிற மூச்சைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். வெளியே போகிற மூச்சை மட்டும், அது முழுதாக அடங்கும்வரை கூடவே போய்ப் பார்க்க வேண்டும். உள்ளே வருவது தானாக வரும். இதற்கு மேல் மந்திரம், மாயம் எதுவும் இல்லை.

அரை மணி நேரம் உட்கார்ந்தேன். கால் மரத்துப்போனது. வீட்டுக்கு வந்தபோது காப்பி ஆறிப்போயிருந்தது. வழக்கமாக நான் அதற்குக் கத்துவேன். அன்று குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். பிறகுதான் பயம் வந்தது. சுக்குக் காப்பியில் என்னமோ கலந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த வாரம் காப்பியை வாங்கி யாருக்கும் தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே ஊற்றிவிட்டு உட்கார்ந்தேன். அன்றைக்கும் கோபம் வரவில்லை. அதற்கடுத்த வாரத்திலிருந்து நான் போகவில்லை. இப்படிச் சொன்னால் சிரிப்பீர்கள், காரணம் தெரியாமல் வருகிற நிம்மதியை என்னால் தாங்க முடியவில்லை.

அவள் விடாமல் போனாள். நான்கு மாதத்தில் மூன்று மாத்திரை இரண்டாகி, இரண்டு ஒன்றானது. மாடிப்படி ஏறி, மூச்சு வாங்காமல் நின்று பேசினாள். பாவாடைக்கு நாடா கோப்பதைப் பார்த்தேன், கை நடுங்கவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதே சமயம் அந்தச் சந்தோஷத்துக்காக அந்த ஜவுளிக்கடைக்காரருக்குக் கடமைப்படவும் மனம் வரவில்லை. வெயில் காலம், அதனால் தேவலை என்றேன்.

சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொருவரும் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்துக்கொண்டு அன்றன்றைய தியானத்தில் என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அனுபவ நோட்டு என்று பெயர். வியாழக்கிழமை அதை அண்ணாச்சியிடம் கொடுக்க வேண்டும். அவர் படித்துச் சிவப்புப் பென்சிலால் குறிப்பு எழுதித் திருப்பித் தருவார். ஒரு நாள் அவள் குளிக்கப் போயிருந்தபோது அதை எடுத்துப் பார்த்தேன்.

“இன்று ஒன்றும் நடக்கவில்லை. மூச்சு போனது, வந்தது. அடுப்பில் பால் வைத்த ஞாபகம் வந்தது” என்று எழுதியிருந்தாள். கீழே சிவப்பில், ‘மேலும் முயல்க.’ மறு பக்கத்தில், “இன்றும் ஒன்றும் இல்லை. ஆனால் நன்றாக இருந்தது.” அதன் கீழே சிவப்பில், ‘நெற்றியில் குளிர்ந்த வெளிச்சம் தெரியும். கவனிக்க.’ ஒரு மாதம் இப்படியே போகிறது. அவர் வெளிச்சம் கேட்கிறார், இவள் பால் பொங்குவதை எழுதுகிறாள். எனக்கு அவள் மேல் பெருமையாக இருந்தது. அவள் பக்கத்தில் உட்காருகிற இரண்டு பெண்களின் நோட்டும் அன்று எங்கள் வீட்டில் இருந்தன. கொண்டுபோய்க் கொடுக்க இவளிடம் தந்திருந்தார்கள். திறந்தேன். திறந்தது தப்புதான். இரண்டிலும் ‘நெற்றியில் குளிர்ந்த வெளிச்சம்’ இருந்தது, எழுத்து மாறாமல், வார்த்தை மாறாமல்.

குளித்துவிட்டு வந்தவளிடம் நோட்டுகளை நீட்டினேன். “ஏட்டி, இது சாட்சிக்குச் சொல்லிக்குடுக்கிற வேலை. இதுக்கா நீ போற?”

“வெளிச்சம் அவங்களுக்கு. எனக்கு மூச்சு வருதுல்லா?” என்றாள்.

“அவன் சொல்லுததெல்லாம் பொய்யின்னா மூச்சு மட்டும் எப்படி நெசமாகும்?”

“அது எனக்குத் தெரியாது. வருது.”

அவ்வளவுதான் அவளுடைய வாதம். கோர்ட்டில் இது ஒரு நிமிஷம்கூட நிற்காது என்று நினைத்தேன்.

ஆனி மாதம் குற்றாலத்துப் பங்களாவில் சபையின் ஆண்டு விழா வந்தது. மதுரையிலிருந்தும் திருவனந்தபுரத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். பெரியவர் முன்னால் ஐந்து பேர் எழுந்து, தங்களுக்குக் கிடைத்த பலனைச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று வாரம் முன்பு அண்ணாச்சி எங்கள் வீட்டுக்கு வந்தார். பழுப்பு நிறத் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, என் மனைவியைப் பார்த்துத்தான் பேசினார்.

“தங்கச்சி, நீ பேசணும். இளைப்பு போயிட்டு, மாத்திரையை விட்டுட்டேன்னு ஒரு வார்த்தை. அதுபோதும்.”

“இன்னும் ஒரு மாத்திரை போடுதேன் அண்ணாச்சி.”

“மூணு போட்டவ ஒண்ணுக்கு வந்துட்ட. இன்னைக்கி இல்லேன்னா நாளைக்கி விடத்தான போற? பாதி கொறஞ்சிட்டுன்னு சொன்னா எவன் நம்புவான்? நாலு நோயாளிக்கு நம்பிக்கை வரட்டுமே.”

பொய் சொல்லச் சொல்கிறோம் என்று அவர் நினைக்கவே இல்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நாளைக்கு உண்மையாகப் போகிற ஒன்றை இன்றைக்கே சொல்லச் சொல்கிறார், அவ்வளவுதான். அதனால்தான் எனக்கு அவர் மேல் இன்னும் ஆத்திரம் வந்தது.

அவர் போனதும் என் மனைவியைப் பிடித்துக்கொண்டேன். “ஊர்ல இருக்கவனுக்கெல்லாம் சத்தியம் செஞ்சுவைக்கேன். என் பெண்டாட்டி மேடையேறிக் கள்ளச் சாட்சி சொல்லப் போறாளா? சொல்லுததா இருந்தா உள்ளதைச் சொல்லு. இல்லேன்னா போகாத. என் வீட்டுல பொய் கூடாது.”

“சரி. பொய் சொல்ல மாட்டேன்” என்றாள் அவள்.

அந்தப் பதில் எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. சபையின் பிடியிலிருந்து அவளைப் பாதி இழுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

விழா நாள் காலையில் பஸ்ஸில் இலஞ்சி தாண்டும்போதே தூறல். குற்றாலத்தில் இறங்கியபோது சாரல் சன்னமாக முகத்தில் அடித்தது. பங்களாவின் கூடத்தில் இருநூறு பேர் இருப்பார்கள். சுவரெல்லாம் ஓதம். ஜன்னல்களைச் சாத்தி வைத்திருந்தார்கள். நான் ஆண்கள் பக்கம் தூணோரமாக உட்கார்ந்தேன். மூன்று பேர் பேசினார்கள். மூன்று பேருக்கும் நெற்றியில் குளிர்ந்த வெளிச்சம். நான் விரல் மடக்கிக்கொண்டிருந்தேன். நாலாவதாக என் மனைவி எழுந்தாள்.

“எனக்கு ரொம்ப வருஷமா இளைப்பு” என்று தொடங்கினாள். “தியானத்துக்கு வந்த பொறவு கொறஞ்சிருக்கு. வெளிச்சம் ஒண்ணும் தெரியலை. மாத்திரையை விட்டு ஒம்பது நாள்… இல்ல, எட்டு நாள் ஆச்சு.”

கூட்டம் ‘ஆகா’ என்றது. என்னிடம் சொன்ன வார்த்தையை மீறி, இருநூறு பேர் முன்னால் பொய் சொல்கிறாள். அதுவும் எப்படி? ஒன்பது என்று தொடங்கி, இல்லை எட்டு என்று திருத்துகிறாள். உண்மையான சாட்சி எப்படித் தடுமாறுவான் என்று நான் சாப்பாட்டு நேரத்தில் சொன்ன கதையை வைத்தே என்னை ஏமாற்றுகிறாள் என்று நினைத்தேன். பொய்யில் எவ்வளவு தேறிவிட்டாள் என்று அவளை வெறுத்தேன். ஆமாம், அந்த நிமிஷம் வெறுக்கத்தான் செய்தேன்.

அவள் உட்கார்ந்ததும் இரண்டு பேர் சாம்பிராணித் தட்டோடு கூடத்தைச் சுற்றி வந்தார்கள். சாத்திய கூடத்துக்குள் புகை தலைக்கு மேல் நின்றது. முதலில் ஒரு இருமல். அப்புறம் அந்தச் சத்தம். இருநூறு பேர் இருமினாலும் எனக்கு அது தனியாகக் கேட்கும். நான் எழுந்து ஆட்களைத் தாண்டிக்கொண்டு ஓடினேன். அவள் இரண்டு கையையும் தரையில் ஊன்றி, தோள் காதுவரை ஏற, காற்றுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். உதடு நீலமாகத் தொடங்கியிருந்தது.

பெரியவர் இருந்த இடத்திலேயே இருந்தார். “யாரும் தொடாதீங்க. உள்ளே இருந்த கழிவு போகுது. எல்லாரும் கண்ணை மூடுங்க” என்றார். இருநூறு பேரும் மூடினார்கள். நான் அவள் பையைக் கவிழ்த்தேன். சீப்பு, கைக்குட்டை, அனுபவ நோட்டு. மாத்திரைக் குப்பி இல்லை. எங்கே போனாலும் அந்தக் குப்பி இல்லாமல் அவள் கிளம்பியதில்லை.

அவளைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அண்ணாச்சி கையை விரித்து நின்றார். அவர் கண் கலங்கியிருந்தது. “தம்பி, இப்பக் கொண்டுபோயி ஊசி போட்டா இத்தனை நாள் செஞ்சது எல்லாம் வீணாப் போயிரும். கொஞ்சம் பொறுங்க.”

“வழிய விடும்வே” என்றேன். அதுவரை நான் அவரை அப்படிப் பேசியதில்லை. விலகிவிட்டார்.

சீசன் கூட்டத்தில் வாடகைக் கார் ஒன்றும் இல்லை. ஒரு ஜட்கா கிடைத்தது. தென்காசிக்கு மூன்று மைல். குதிரை எவ்வளவு ஓடினாலும் எனக்கு நிற்கிற மாதிரியே இருந்தது. வழி நெடுகச் சபையையும் பெரியவரையும் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டு வந்தேன். அவள் என் வாயைப் பொத்தினாள். பிறகு என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, ஒரு விரலால் என் உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. தட்டும்போது உதட்டைக் குவித்து மூச்சை வெளியே விட்டாள். உள்ளே இழுக்கப் போராடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, போகிற மூச்சின் பின்னாலேயே போனாள். சில தடவை மூன்றுக்கு மேல் விரல் எழும்பவில்லை. நான் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னையறியாமல் நானும் அவளோடு மூச்சை விட்டுக்கொண்டிருந்தேன்.

டாக்டர் ஊசி போட்டார். அரை மணி நேரம் கழித்து அவள் முகத்தில் நிறம் வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “இந்த நிலைமையில பயந்து அடிச்சுக்கிட்டிருந்தா இங்க வந்து சேர்ந்திருக்க மாட்டாங்க. இப்படி நிதானமா மூச்சு விட யார் சொல்லிக்குடுத்தா?”

எனக்கு அந்தப் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை. “யாரோ தெரிஞ்சவங்க” என்றேன்.

மறுநாள் துணி அலமாரியில் அவள் சேலைகளுக்கு அடியில் மாத்திரைக் குப்பி கிடைத்தது. கடைசியாக வாங்கியதில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதை எடுத்துக்கொண்டு அவள் முன்னால் போய் நின்றேன். சபைமேல் கேஸ் போடுகிற யோசனையில் இருந்தேன். “மாத்திரைய நிறுத்தச் சொன்னது யாரு? பெரியவரா, அண்ணாச்சியா? சொல்லு. அவங்களை நான் பாத்துக்கிடுதேன்.”

“யாரும் நிறுத்தச் சொல்லலை” என்றாள். குரல் இன்னும் கம்மியிருந்தது. “நிறுத்திட்டேன்னு சொல்லத்தான் சொன்னாவ. நீங்கதான் பொய் கூடாதுன்னிய. நாலு பேருக்கு நல்லதுன்னு அண்ணாச்சி கேக்குதாவ, உள்ளதைச் சொல்லுன்னு நீங்க சொல்லுதிய. ரெண்டு பேரு சொன்னதும் நடக்கணும்னா வேற என்ன வழி? உள்ளதாவே ஆக்கிட்டேன். எட்டு நாளும் எண்ணித்தான் இருந்தேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை, கணக்கு விளங்காதவனுக்கு விளக்குவது போலச் சொன்னாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கவில்லை. சபைக்காரர்கள் அவளிடம் ஒரு வார்த்தையைத்தான் கேட்டார்கள். நான் அந்த வார்த்தைக்கு அவள் மூச்சையே விலையாகக் கேட்டிருந்தேன். கூண்டில் நிற்பவனை மிரட்டுவது போல வீட்டில் மிரட்டியவன் நான். அவள் என் கண்முன்னால் தடுமாறி உண்மை சொன்னபோது, இத்தனை வருஷத் தொழில் பழக்கத்தை வைத்துக்கொண்டு, அது பொய் என்று தீர்ப்பு எழுதியவனும் நான்தான்.

அடுத்த மாதம் சபையின் பத்திரிகையில் அவள் கதை வந்தது. பேர் போடாமல், ‘தென்காசிச் சகோதரி ஒருவர்’ என்று. இருநூறு பேரின் தியான பலத்தால் உயிர் பிழைத்தாளாம். ஜட்காவும் ஊசியும் அதில் இல்லை. அதை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியே வந்தார். நான் மறுப்பு நோட்டீஸ் எழுதி வைத்திருந்தேன். வாயைத் திறப்பதற்குள் அவள் முன்னால் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, நீங்க சொல்லிக்குடுத்தது நல்ல காரியம். அதை நான் மறக்க மாட்டேன். ஆனா இனிமே வர மாட்டேன். நோட்டும் வேண்டாம், மேடையும் வேண்டாம். மாத்திரை வேணும்னா போடுவேன்.”

“சபையில உக்காராம தனியா உக்காந்தா பலன் இருக்காது தங்கச்சி.”

“இல்லேன்னா போகுது. மூச்சு விட்டுக்கிட்டு சும்மா இருந்தேன்னு வச்சிக்கிடுதேன்.”

அண்ணாச்சி பத்திரிகையை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். எனக்கு ஒரே குதூகலம். அன்று சாயங்காலமே அவளுக்குப் புதுப்பாய் வாங்கி வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் அவள் உள்ளறையில் பாயைப் போட்டாள். நான் நாற்காலியை இழுத்து எதிரில் போட்டு, கையில் மாத்திரைக் குப்பியோடு உட்கார்ந்தேன். மூச்சு ஏறினால் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான். மூன்றாம் நாள், அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள்.

“எதுக்கு இப்படி உத்துப் பாக்கிய? அண்ணாச்சி செவப்புப் பென்சிலோட இருந்தாவ, நீங்க குப்பியோட இருக்கிய. ரெண்டும் எனக்கு வேண்டாம். குப்பிய இங்கன வச்சிட்டு வெளிய போங்க. வேணும்னா நானே எடுத்துக்கிடுதேன்.”

குப்பியைப் பாயோரம் வைத்துவிட்டு எழுந்தேன். அவள் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டாள். நான் போகாமல், கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். இளைப்பு இருந்தால் அந்தச் சத்தம் வெளியே வரும். ஒன்றும் கேட்கவில்லை. அப்படியானால் நன்றாக இருக்கிறாள் என்றுதான் அர்த்தம். அது தெரிந்தும், அரை மணி நேரம் கழித்து அவள் தாழ்ப்பாளை எடுக்கிறவரைக்கும் நான் அங்கேயே நின்றேன். அப்படி நிற்கும் பழக்கத்தை விடுவதற்கு எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.